மெடிஷீல்டு லைஃப், ஷீல்டு பிளான், ரைடர்: எது அரசாங்கத்தின் பொறுப்பு, எது கம்பெனியின் பொறுப்பு?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனைப் பில் கைக்கு வந்ததும் பலரும் கேட்பது, "இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும்?" அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எந்த இன்ஷூரன்ஸ்?" சிங்கப்பூரில் பெரும்பாலானவர்களின் காப்புறுதி இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த சட்டை போன்றது. ஒரு பாதி அரசாங்கத்தினுடையது, மறுபாதி தனியார் கம்பெனியினுடையது. சிக்கல் பெரும்பாலும் அந்தத் தையலில்தான் வரும்.

நான் எதுவும் வாங்கவில்லையே, எனக்குக் காப்புறுதி இருக்கிறதா?

குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தால் இருக்கிறது. 2015 நவம்பர் 1 முதல், அடிப்படை மருத்துவமனைக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் எல்லாருக்கும் கட்டாயம். அதற்கு முன் 1990 முதல் இருந்த பழைய மெடிஷீல்டில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களைச் சேர்க்காமல் விடமுடியும். இப்போது முடியாது. பிறவி இதயக் கோளாறு, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் எது இருந்தாலும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு உண்டு. கடுமையான முன்நோய் உள்ளவர்கள் மட்டும் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டுவார்கள்.

சந்தா மெடிசேவிலிருந்து, அதாவது மத்திய சேம நிதியில் மருத்துவத்துக்கென உள்ள நம் சேமிப்புக் கணக்கிலிருந்து, தானாகக் கழியும். அதில் பணம் இல்லாமல் போனாலும் பாதுகாப்பு நிற்காது. கட்டாத சந்தா கடனாக நிற்கும், பிறகு வசூலிக்கப்படும்.

இது முழுக்க அரசாங்கப் பணமா?

இல்லை. அடிப்படையில் நாம் கட்டும் சந்தாதான். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் அரசாங்கம் சந்தாவில் ஒரு பங்கை ஏற்கிறது. முன்னோடித் தலைமுறையினருக்கு அது வயதைப் பொறுத்து 40 முதல் 60 விழுக்காடு வரை. கொள்கையை வகுப்பது சுகாதார அமைச்சு, நடத்துவது மத்திய சேம நிதிக் கழகம் (மசே நிதிக் கழகம்). சந்தாப் பணம் மெடிஷீல்டு லைஃப் நிதி என்ற தனி நிதிக்குள் போகிறது. அங்கிருந்து லாபம் எடுத்துக்கொள்ளப் பங்குதாரர் யாரும் இல்லை, விற்றதற்குக் கமிஷன் வாங்க முகவரும் இல்லை.

அப்படியானால் தனியார் கம்பெனிகள் எப்படி உள்ளே வந்தன?

1994-இல் மசே நிதிக் கழகமே மெடிஷீல்டு பிளஸ் என்ற உயர்வகைத் திட்டத்தைத் தொடங்கியது. மானியமில்லாத வார்டுகளில் படுக்க விரும்பியவர்களுக்கானது அது. அதே காலத்தில் தனியார் கம்பெனிகளும் மெடிசேவில் கட்டக்கூடிய ஷீல்டு திட்டங்களை விற்றன. இதில் ஒரு ஆபத்து இருந்தது. இளையவர்களும் ஆரோக்கியமானவர்களும் தனியாரிடம் போய்விட்டால், நோயாளிகளும் முதியவர்களும் மட்டும் அடிப்படைத் திட்டத்தில் தங்குவார்கள். அப்போது அதன் சந்தா ஏறிக்கொண்டே போகும்.

2005-இல் இதைச் சீர்செய்தார்கள். மெடிஷீல்டு பிளஸ் என்டியுசி இன்கம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் திட்டம் எதுவானாலும் அடியில் மெடிஷீல்டு இருந்தே ஆகவேண்டும், அதன்மேல்தான் தனியார் பகுதி உட்காரவேண்டும் என்ற அமைப்பு வந்தது. இன்று நாம் ஷீல்டு பிளான் என்று சொல்லும் ஒருங்கிணைந்த திட்டத்தின் வேர் அதுதான். இந்த அமைப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை அது சரியாகச் செய்திருக்கிறது: பணக்காரரும் ஏழையும் அடித்தளத்தில் ஒரே நிதிக்குள் இருக்கிறார்கள்.

ஷீல்டு பிளான் வாங்கினால் மெடிஷீல்டு லைஃப் போய்விடுமா?

போகாது. இதுதான் பலர் தவறாக நினைப்பது. சந்தாவை மொத்தமாகக் கம்பெனி வாங்கிக்கொண்டு, மெடிஷீல்டு லைஃப் பங்கை மசே நிதிக் கழகத்துக்கு அனுப்புகிறது. புதுப்பிப்புக் கடிதத்தில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும். அந்த இரண்டு வரியையும் பிரித்துப் பாருங்கள். ஷீல்டு பிளானைப் பின்னாளில் ரத்து செய்தாலும் அடிப்படை அப்படியே தொடரும்.

விற்பவை ஏழு கம்பெனிகள்: ஏஐஏ, புருடென்ஷியல், கிரேட் ஈஸ்டர்ன், இன்கம், சிங்லைஃப், ராஃபிள்ஸ், எச்எஸ்பிசி லைஃப். சிங்கப்பூர்வாசிகளில் ஏறக்குறைய பத்தில் எழுவரிடம் இவற்றில் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு ஒரு ஷீல்டு பிளான்தான் இருக்கமுடியும். இரண்டாவது தொடங்கினால் முதலாவது நின்றுவிடும்.

ஏழு கம்பெனியும் ஒரே பலனைத் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. 2016 மே மாதம் வந்த ஸ்டாண்டர்டு திட்டம் அது. அரசாங்க மருத்துவமனையின் பி1 வார்டு அளவுக்கானது. பலன்கள் எங்கும் ஒன்றே என்பதால் சந்தாவை மட்டும் ஒப்பிட்டால் போதும். முகவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை, நீங்களாகவே கேளுங்கள்.

எவ்வளவு மெடிசேவில் கட்டலாம், எவ்வளவு ரொக்கம்?

மெடிஷீல்டு லைஃப் பகுதி முழுவதையும் மெடிசேவில் கட்டலாம். தனியார் பகுதிக்கு ஆண்டு வரம்பு உண்டு. அடுத்த பிறந்தநாளில் 40 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 300 வெள்ளி, 41 முதல் 70 வரை 600 வெள்ளி, 71 முதல் 900 வெள்ளி. மிச்சம் ரொக்கம். ஷீல்டு பிளானோடு சேர்த்து வாங்கி, பில்லில் நம் பங்கைக் குறைக்கும் கூடுதல் காப்புறுதிதான் ரைடர். அதன் சந்தா முழுக்க ரொக்கம்.

முப்பது வயதில் தனியார் மருத்துவமனைத் திட்டம் எடுக்கும்போது கையிலிருந்து போவது தெரியவே தெரியாது. எழுபதில் அதே திட்டத்தின் சந்தா ஆயிரங்களில் நிற்கும், மெடிசேவ் 900-ஐத் தாண்டி உதவாது. எனவே கையெழுத்துப் போடும் முன் 65, 75, 85 வயதுகளின் சந்தாவை அட்டவணையில் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் வெளியிடுகிறது. அதுவும் இன்றைய விலைதான், இனி ஏறுவது அதில் இல்லை.

20,000 வெள்ளி பில் வந்தால் யார் எவ்வளவு கட்டுவது?

தனியார் மருத்துவமனை, தனியார் மருத்துவமனைக்கான ஷீல்டு பிளான், ரைடர் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் டிடக்டிபிள். ஒவ்வொரு காப்புறுதி ஆண்டிலும் காப்புறுதி வாய் திறப்பதற்கு முன் நாம் கட்டவேண்டிய தொகை அது. தனியார் மருத்துவமனைக்குப் பொதுவாக 3,500 வெள்ளி. மீதி 16,500. அதில் 10 விழுக்காடு கோ-இன்ஷூரன்ஸ், அதாவது 1,650, நம் பங்கு. ஆகமொத்தம் நாம் 5,150, காப்புறுதி 14,850. நம் பங்கை மெடிசேவ் வரம்புக்குள் மெடிசேவிலிருந்து கொடுக்கலாம்.

இந்த 14,850-க்குள் மெடிஷீல்டு லைஃப் எவ்வளவு? மிகக் கொஞ்சம். அது மானியமுள்ள பி2, சி வார்டு பில்களுக்காக அளவெடுத்துத் தைத்தது. அந்த வகைப் பில்களில் பத்தில் ஒன்பதுக்குப் போதுமான அளவில் அதன் வரம்புகளை வைக்கிறார்கள். தனியார் பில் வந்தால் அதில் 25 விழுக்காட்டைத்தான் கணக்கில் எடுக்கும். 2021-க்கு முன் இது 35 விழுக்காடு. 20,000-இல் 5,000 மட்டும் கணக்குக்கு வந்து, அதிலும் அதன் டிடக்டிபிளும் கோ-இன்ஷூரன்சும் போய் மிஞ்சுவதுதான் அரசாங்கத் திட்டத்தின் பங்கு. மற்றதெல்லாம் கம்பெனியின் பணம். தனியார் மருத்துவமனைக் கட்டணம் ஏறினால் ஷீல்டு பிளான் சந்தா எகிறுவதும் மெடிஷீல்டு லைஃப் சந்தா அந்த அளவு எகிறாததும் இதனால்தான்.

நோயாளி இரண்டு மனு போடவேண்டாம். சேர்க்கும்போது அடையாள அட்டையைக் கொடுத்து, மெடிசேவ், காப்புறுதிக் கோரிக்கைக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். மருத்துவமனை மின்வழி அனுப்பும். கம்பெனியே இரு பகுதியையும் கணக்கிட்டுத் தீர்க்கும். சேர்வதற்கு முன் எடுத்த ஸ்கேன், வீடு திரும்பியபின் பார்த்த மருத்துவர் ஆகிய செலவுகளைத்தான் நாமே அனுப்பவேண்டும். அதற்குக் கடைசி நாள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த ரசீதுகளைத் தொலைத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வைத்தாலே போதும்.

ரைடர் விதி மாறிவிட்டதாமே?

ஆமாம், இரண்டு முறை மாறியிருக்கிறது.

முன்பு டிடக்டிபிள், கோ-இன்ஷூரன்ஸ் இரண்டையும் முழுக்க ஏற்கும் ரைடர் விற்றார்கள். நோயாளி ஒரு காசு கட்டவேண்டாம். 2019 ஏப்ரல் 1 முதல் விற்ற ரைடர்களில் நோயாளி பில்லில் குறைந்தது 5 விழுக்காடாவது கட்டவேண்டும் என்றானது. பேனல் மருத்துவரிடம் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவரிடம்) போனால் அந்தப் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு 3,000 வெள்ளி. 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர்கள் அமைச்சு நிர்ணயித்த குறைந்தபட்ச டிடக்டிபிளையும் ஏற்கக்கூடாது. 5 விழுக்காட்டுப் பங்கின் உச்சவரம்பும் 6,000 வெள்ளிக்குப் போகிறது. டிடக்டிபிள் அந்த வரம்புக்கு வெளியே.

அதே 20,000 வெள்ளியில் பாருங்கள். 2019 வகை ரைடர் இருந்தால் நம் பங்கு 1,000. புதிய வகையில் 3,500-உம், மீதி 16,500-இல் 5 விழுக்காடான 825-உம் சேர்ந்து 4,325. ரைடரே இல்லாவிட்டால் 5,150. வித்தியாசம் 825 வெள்ளிதான். சின்னப் பில்களுக்குப் புதிய ரைடர் பெரிதாக உதவாது. ஒரு லட்சம், இரண்டு லட்சம் பில்லுக்குத்தான் அதன் பலன். இரண்டு லட்சம் வெள்ளிப் பில்லில் ரைடர் இல்லாதவர் 3,500-உம் 19,650-உம் கட்டுவார், புதிய ரைடர் உள்ளவர் 3,500-உம் 6,000-உம் கட்டுவார்.

2025 நவம்பர் 26 வரை ரைடர் வாங்கியவர்களை இந்த விதி மாறச் சொல்லவில்லை. அவசரப்பட்டு ரத்து செய்துவிடாதீர்கள், திரும்பப் பழைய வகை கிடைக்காது. அதேசமயம் பழைய ரைடரின் சந்தா சுமையாகிவிட்டதென்றால், புதிய வகையின் சந்தா கணிசமாகக் குறைவு என்பதையும் எடை போடுங்கள்.

மக்கள் விரும்பி வாங்குவதில் அரசாங்கம் ஏன் தலையிடுகிறது?

ஒருவர் பில்லை அனைவரின் சந்தாவும் சுமப்பதால். கையிலிருந்து காசு போகாதபோது நோயாளி விலை கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. தனியார் மருத்துவமனைத் திட்டம் வைத்திருப்பவர்களில், ரைடர் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட 1.4 மடங்கு அதிகமாகக் கோரிக்கை வைக்கிறார்கள், ஒவ்வொரு கோரிக்கையின் சராசரித் தொகையும் 1.4 மடங்கு என்று அமைச்சு சொன்னது. இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கம்பெனி அதைச் சந்தாவில் ஏற்றும். சந்தா ஏறியதும் "கட்டியதற்கு வாங்கியாகவேண்டும்" என்று இன்னும் சிலர் பரிசோதனைக்குப் படுப்பார்கள். இந்தச் சுழலைக் கம்பெனிகள் தாங்களாக உடைக்க முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விதியாக எல்லாருக்கும் சேர்த்துப் போட்டால்தான் நடக்கும்.

மருத்துவர் பக்கமும் கட்டுப்பாடு உண்டு. அறுவைக் கட்டண அளவுகோல்களை அமைச்சு 2018 முதல் வெளியிடுகிறது. பொருத்தமற்ற கோரிக்கை வைக்கும் மருத்துவரின் மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் அங்கீகாரத்தை இடைநிறுத்தவும் முடியும். மருத்துவர் தரும் மதிப்பீட்டை அந்த அளவுகோலுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. அமைச்சின் இணையத்தளத்தில் அறுவை சிகிச்சையின் குறியீட்டெண்ணைக் கொண்டு தேடலாம். அந்த எண்ணை மருத்துவரின் உதவியாளரிடம் கேட்டால் சொல்வார்.

என்னிடம் இருப்பது பி1 திட்டம். தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால்?

பணம் வரும், ஆனால் வெட்டி வரும். உங்கள் திட்டத்தின் விகிதம் 50 விழுக்காடு என்று வைத்தால், 20,000 பில்லில் 10,000 மட்டும் கணக்கு. டிடக்டிபிள் 3,500 என்றே கொண்டால் மீதி 6,500, அதில் 10 விழுக்காடு போக 5,850 கிடைக்கும். 14,150 உங்கள் தலையில். சரியான விகிதம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், சேர்வதற்கு முன் பாருங்கள்.

எதிர்ப்புறத் தவறும் நடக்கிறது. தனியார் நோயாளியாக அரசாங்க மருத்துவமனையின் நிபுணரைப் பார்க்கத் தொடங்கிவிட்டு, பிறகு மானியத்துக்கு மாறவேண்டுமென்றால் எளிதல்ல. விண்ணப்பம், வருமானச் சோதனை என்று இழுக்கும். மானிய நோயாளியாக இருக்க எண்ணினால் பலதுறை மருந்தகத்தில் தொடங்கி அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். முதல் நாள் எந்தக் கதவு வழியாக நுழைகிறோம் என்பது கடைசி நாள் பில்லைத் தீர்மானிக்கிறது.

பேனல், முன்அனுமதி, உத்தரவாதக் கடிதம் மூன்றும் ஒன்றா?

இல்லை. பேனல் என்பது கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர் பட்டியல். உத்தரவாதக் கடிதம் இருந்தால் மருத்துவமனை முன்பணம் கேட்காது அல்லது குறைத்துக் கேட்கும். ஆனால் அது கோரிக்கை ஏற்கப்பட்டதற்கான சான்று அல்ல, பிறகும் மறுக்கலாம். முன்அனுமதி அதைவிட வலுவானது: இந்தச் சிகிச்சை, இந்தக் கட்டணம், கம்பெனி ஏற்கிறது என்று சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் வருவது.

இந்த ஏற்பாடுகள் கம்பெனியின் கையில் இருப்பவை, மாறக்கூடியவை. 2025 ஜூனில் கிரேட் ஈஸ்டர்ன், இரண்டு மவுண்ட் எலிசபெத் மருத்துவமனைகளுக்கு முன்அனுமதிச் சான்று வழங்குவதை நிறுத்திவைத்தது. பாதுகாப்பு ரத்தாகவில்லை, முன்கூட்டிய உறுதிதான் போனது. ஆனால் அறுவைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த உறுதிதான் பெரிது. ஆகவே பழைய பட்டியலை நம்பாமல், திட்டமிட்ட சிகிச்சைக்கு முந்திய வாரம் மருத்துவர் பெயரைச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். மயக்க மருந்து நிபுணரும் பேனலில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவர் பில் தனியாக வரும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஷீல்டு பிளான் எடுக்கலாமா, வேறு கம்பெனிக்கு மாறலாமா?

விண்ணப்பிக்கலாம். கம்பெனி ஏற்கலாம், சர்க்கரை சார்ந்தவற்றை விலக்கி ஏற்கலாம், மறுக்கலாம். விலக்கினாலும் அது தனியார் பகுதிக்கு மட்டும், அந்த நோய்க்கும் மெடிஷீல்டு லைஃப் தரும்.

விண்ணப்பப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். "மாத்திரை மட்டும்தானே, எழுதவேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரிய கோரிக்கை வரும்போது கம்பெனி உங்கள் மருத்துவர்களிடம் பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கும். மறைத்தது தெரிந்தால் கோரிக்கை மட்டுமல்ல, காப்புறுதியே போகலாம்.

ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்து, அதற்குப் பின்னர் சர்க்கரை வந்திருந்தால், இப்போதைய கம்பெனியில் அது முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கும். வேறு கம்பெனிக்கு மாறினால் அங்கே அது முன்நோய் ஆகிவிடும். முகவர்கள் விற்பனைக் கூடாரத்தில் தரும் பற்றுச்சீட்டுக்காக இதைச் செய்வது பெரும் இழப்பு. மாறித்தான் ஆகவேண்டுமென்றால், விலக்கு எதுவுமில்லை என்ற புதிய கம்பெனியின் எழுத்துப்பூர்வ ஏற்பு வரும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

புற்றுநோய் மருந்துக்கு எல்லாம் கிடைக்குமா?

மெடிஷீல்டு லைஃப் 2022 செப்டம்பர் முதலும், ஷீல்டு பிளான்கள் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த புதுப்பிப்பு முதலும், அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே தருகின்றன. பட்டியல் மருந்தின் பெயரை மட்டும் சொல்வதில்லை, எந்த நோய்க்கு என்றும் சொல்கிறது. ஒரே மருந்து நுரையீரல் புற்றுக்குப் பட்டியலில் இருந்து, வேறொரு புற்றுக்கு இல்லாமல் போகலாம். மருத்துவரிடம் கேட்கவேண்டியது: "என் நோய்க்கு இந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா, மாத வரம்பு எவ்வளவு?" பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றைச் சில ரைடர்கள் மட்டும் ஏற்கின்றன.

அப்பாவின் சந்தா தாங்கமுடியவில்லை. எதை முதலில் நிறுத்துவது?

ரைடரை முதலில். அது முழு ரொக்கம். அதன்பின் அதே கம்பெனியிலேயே ஒரு படி கீழே இறக்குங்கள்: தனியார் மருத்துவமனைத் திட்டத்திலிருந்து ஏ வார்டுக்கு, அங்கிருந்து பி1-க்கு. கீழே இறங்கப் பொதுவாக உடல்நலக் கேள்வி கிடையாது, மேலே ஏறத்தான் உண்டு. அப்பா எப்படியும் அரசாங்க மருத்துவமனையின் மானிய வார்டில்தான் படுப்பார் என்றால் மெடிஷீல்டு லைஃப் மட்டுமே போதும், அதை எண்ணி வெட்கப்பட எதுவுமில்லை. அதன் ஆண்டு உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 2 லட்சம் வெள்ளி.

மோசமான வழி, கடிதத்தைப் பிரிக்காமல் விட்டு ரொக்கப் பகுதி கட்டப்படாமல் திட்டம் காலாவதியாவது. எழுபத்தைந்து வயதில் மறுபடி நுழைவது மிகக் கடினம்.

தனியார் நடத்திய ஒரு திட்டத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது உண்டா?

உண்டு, எல்டர்ஷீல்டு. கடுமையான உடற்குறைக்கான மாதாந்திரத் தொகைத் திட்டம் அது. 2002-இல் அரசாங்கம் வடிவமைத்து, நடத்தும் பொறுப்பைக் கிரேட் ஈஸ்டர்ன், என்டியுசி இன்கம் இரண்டிடமும் கொடுத்தது. 2007-இல் அவிவாவும் சேர்ந்தது. 40 வயதானதும் தானாகச் சேர்க்கப்பட்டு, மூன்றில் ஒரு கம்பெனியிடம் ஒதுக்கப்பட்டோம். விரும்பாதவர்கள் விலகமுடிந்தது. தொடக்கத்தில் மாதம் 300 வெள்ளி 60 மாதம் வரை, 2007-க்குப் பின் 400 வெள்ளி 72 மாதம் வரை.

குறைகள் வெளிப்படையாக இருந்தன. ஆறு ஆண்டுக்குப் பின்னும் படுக்கையில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. தொகை விலைவாசியுடன் ஏறவில்லை. ஏற்கெனவே உடற்குறை உள்ளவர்கள் சேரமுடியவில்லை. சந்தா வசூலித்ததற்கும் கொடுத்ததற்கும் இடையே பெரிய இடைவெளி என்ற கோபமும் இருந்தது. அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். 40 முதல் 65 வரை கட்டி, எழுபத்தைந்து எண்பதில் தேவைப்படும் காப்புறுதியில் முதல் ஆண்டுகளில் நிதி சேரத்தான் செய்யும். ஆனால் அந்த நிதி யார் கையில் சேரவேண்டும் என்ற கேள்வி முழு நியாயமானது.

2020 அக்டோபரில் இதற்கு அடுத்த திட்டமாகக் கேர்ஷீல்டு லைஃப் தொடங்கியது, நடத்துவது அரசாங்கமே. 2021-இல் எல்டர்ஷீல்டு நிர்வாகமும் மூன்று கம்பெனிகளிடமிருந்து அரசாங்கத்துக்கு வந்தது. 1980-இலோ பின்னரோ பிறந்தவர்களுக்குக் கேர்ஷீல்டு லைஃப் கட்டாயம். தொகை 2020-இல் மாதம் 600 வெள்ளி, ஆண்டுதோறும் ஏறி 2025-இல் 662. உடற்குறை நீடிக்கும்வரை ஆயுளுக்கும் கிடைக்கும். கம்பெனிகள் இதன்மேல் கூடுதல் திட்டம் மட்டும் விற்கின்றன, அதற்கு மெடிசேவில் ஆண்டுக்கு 600 வெள்ளி வரை பயன்படுத்தலாம்.

கேர்ஷீல்டு, எல்டர்ஷீல்டு தொகைக்கு விண்ணப்பித்தால் ஏன் மறுக்கப்படுகிறது?

ஆறு செயல்களில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்யமுடியாமல் இருக்கவேண்டும்: குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறை போதல், நடமாடுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் பார்ப்பார். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் சிங்பாஸ் வழி விண்ணப்பிக்கலாம்.

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது. மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் அம்மாவுக்குத் தலைவாரிப் பொட்டிட்டு, நல்ல சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிடுகிறோம். "சேலை நீங்களே கட்டிக்குவீங்களாம்மா?" என்று கேட்டால், கட்டிவிட்ட பணிப்பெண் பக்கத்தில் நிற்கும்போதே அம்மா, "ஓ, கட்டிக்குவேனே" என்பார். மானம் பெரிதல்லவா. மதிப்பீட்டாளர் அதைத்தான் எழுதுவார். முந்திய வாரமே குறித்து வையுங்கள்: யார் குளிப்பாட்டுகிறார், எத்தனை பேர் தூக்குகிறார்கள், இரவில் எத்தனை முறை. மதிப்பீட்டாளரிடம் தனியே பேச ஐந்து நிமிடம் கேளுங்கள். அம்மாவைச் செய்துகாட்டச் சொல்லும்படி கேட்பதும் சரியே.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா, வேலை அனுமதியில் இருக்கும் தம்பி, இவர்களுக்கு?

மெடிஷீல்டு லைஃப் கிடையாது. குடியுரிமையும் நிரந்தரவாசமும் இல்லாதவர்களுக்கு மானியமும் இல்லை, பில் முழுக் கட்டணம். வருகை அனுமதியில் வரும் பெற்றோருக்குப் பயணக் காப்புறுதியை ஊரிலேயே எடுத்து வருவது நல்லது.

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி தனியார் கம்பெனியிடம் காப்புறுதி வாங்கவேண்டும். 2023 ஜூலை 1 முதல் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி, முன்பு 15,000. பில் 15,000-ஐத் தாண்டும் பகுதியில் 25 விழுக்காட்டை முதலாளி ஏற்கவேண்டும், ஊழியரல்ல. 2025 ஜூலை முதல் கம்பெனி மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டவேண்டும்.

நிரந்தரவாசி ஊரில் போய் முழங்கால் அறுவை செய்துகொண்டால் மெடிஷீல்டு லைஃப் தராது. ஷீல்டு பிளான்கள் வெளிநாட்டில் அவசரச் சிகிச்சைக்குத் தருவதுண்டு, திட்டமிட்டுப் போனதற்குப் பொதுவாக அல்ல.

கோரிக்கை மறுக்கப்பட்டால் எங்கே போவது?

முதலில் எந்தப் பகுதி மறுத்தது என்று பாருங்கள். மெடிஷீல்டு லைஃப் பகுதி என்றால் மசே நிதிக் கழகம். தனியார் பகுதி என்றால் கம்பெனியிடம், எந்த விதியின்கீழ் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது பயன்படாது. "மருத்துவ ரீதியாகத் தேவையில்லை" என்பது காரணமானால், மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி மறுபரிசீலனை கேளுங்கள். கணிசமான கோரிக்கைகள் குறிப்புகள் போதாமல்தான் நிற்கின்றன.

கம்பெனியின் இறுதிப் பதில் வந்தும் உடன்பாடில்லை என்றால் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையம். வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் சமரசம், முடியாவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஏற்க விருப்பமில்லையென்றால் நீதிமன்றம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியை வட்டமிட்டு, உறையோடு சேர்த்து வையுங்கள்.